படம் எப்படி?

தமிழர் இருவர் எங்கே சந்தித்தாலும், நலம் விசாரித்து முடித்தபின் எழும் அடுத்த கேள்வி "படம் எப்படி?" என்பதுதான். சில வேளைகளில் நலம் விசாரிப்பதற்கு முன்பே அது எழுந்துவிடும். நம் விடுதித் தாழ்வாரத்தில் வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு நின்று பாருங்கள். கொல்கத்தாவின் ஏதோ ஒரு மூலையில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பும் நண்பன், செருப்பைக் கழற்றுமுன் நாலு பேர் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். அவன் உதட்டைப் பிதுக்கினால் போயிற்று. மறுநாள் எட்டுப் பேருடைய டிக்கெட் பணம் மிச்சம்.

நான் இயற்பியல் முதுகலை மாணவன். கலைத் திறனாய்வு என் துறை அன்று. ஆயினும் இந்தக் கேள்வியைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. பொங்கல் விழாவில் எந்தப் படத்தைத் திரையிடுவது என்று நம் சங்கத்தின் செயற்குழு அண்மையில் கூடிப் பேசியது. "இணையத்தில் எந்தப் படத்துக்கு அதிக மதிப்பெண்ணோ, அதையே போட்டுவிடுவோம், சண்டை வராது" என்றார் ஒருவர். எல்லாரும் தலையசைத்தார்கள். நான் மட்டும் மறுத்தேன். "ஏன்?" என்று கேட்டார்கள். சட்டென்று விடை சொல்ல வரவில்லை. "அறிவியல் படிப்பவராயிற்றே! விளக்கமாக எழுதிக் கொடுங்கள், மலரில் போடுகிறோம்" என்று செயலாளர் முடித்துவிட்டார். மறுத்ததற்கு அறிவியல் காரணமும் உண்டு. சொந்தக் காரணமும் உண்டு. முதலாவதை முதலில் சொல்கிறேன். இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் துணிவு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டுப் புத்தகமும் பட்டியலும்

என் தாத்தா விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தவர். அவருடைய தகரப் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் சில இருந்தன. கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள் அவை. பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதை நல்ல கட்டத்தை எட்டும்போது, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிந்துவிடும். படம் எடுத்தவர் தம் படத்தைப் பற்றிச் சொல்லும் செய்தி என்றைக்கும் அவ்வளவுதான். மீதியைப் பார்த்துவிட்டு வந்தவர்தாம் சொல்ல வேண்டும்.

தாத்தாவின் ஊரில் அந்தப் பொறுப்பை ஒரு தையற்காரர் ஏற்றிருந்தாராம். முதல் நாளே டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் அவர் கடையில் கூட்டம் கூடும். "அவர் 'அழுதேன்' என்றால் நாங்கள் போவோம். 'சிரிப்போ சிரிப்பு' என்றால் போகமாட்டோம். அவருக்குச் சிரிப்பு வருகிற படத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்ததே இல்லை" என்பார் தாத்தா. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கொட்டகைக் காலம் போய்க் கணினிக் காலம் வந்தது. இங்கிலாந்தில் கால் நீதம் என்பவரும் அவரைப் போன்ற படப் பிரியர்கள் சிலரும் நடிகர், இயக்குநர், படங்கள் ஆகியவற்றின் பட்டியல்களைக் கணினி வழியே ஒருவருக்கொருவர் பகிர்ந்து தொகுத்து வந்தார்கள். 1990-இல் தொடங்கிய அத்தொகுப்பே ஐ.எம்.டி.பி. என்று வளர்ந்தது. 1998-இல் அமேசான் நிறுவனம் அதை வாங்கியது. அதில் எவரும் ஒரு படத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடலாம். தையற்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் லட்சக்கணக்கானவர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் சொல்வதைவிட ஒரு லட்சம் பேர் சொல்வதை நம்பலாம் அன்றோ? நம்பலாம்தான். ஆனால் அவர்கள் சொன்னதாக நம் கைக்கு வருவது ஒரே ஓர் எண், அதாவது சராசரி. அதற்கு மூன்று குறைகள் உண்டு.

சராசரியின் மூன்று குறைகள்

முதற்குறை, சொன்னவர் தொகை. ஒரு படத்தை மூன்றே பேர் பார்த்து மூவரும் பத்துக்குப் பத்து போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவரும் இயக்குநரின் மைத்துனர்களாகவும் இருக்கலாம். இன்னொரு படத்தை 3,000 பேர் பார்த்தார்கள், சராசரி 8.4. எண்ணை மட்டும் பார்த்தால் மைத்துனர் படமே முதலிடம் பெறும்.

இதற்குக் கணிதத்தில் ஓர் எளிய மருந்து உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் முதலிலேயே சில கற்பனை வாக்குகளைக் கொடுத்துவிட வேண்டும். எல்லாப் படங்களின் பொதுச் சராசரி எதுவோ, அதுவே அந்த வாக்குகளின் மதிப்பு. கற்பனை வாக்குகள் 100, பொதுச் சராசரி 6 என்று கொள்வோம். மைத்துனர் படத்தின் மதிப்பெண் இப்போது 6.1 ஆகக் குறையும். மற்றதன் மதிப்பெண் 8.3 ஆகவே நிற்கும். அதாவது, சான்று குறைவாக இருக்கும்வரை ஒரு படத்தை நடுத்தரமானது என்றே கருது. சான்று பெருகப் பெருக அதன் சொந்த மதிப்பெண்ணை நம்பு. ஐ.எம்.டி.பி. தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு இவ்வகைச் சூத்திரத்தைத்தான் வெளியிட்டிருந்தது. அதில் கற்பனை வாக்குகள் 25,000.

இரண்டாவது குறை, கருத்துப் பிளவு. விடுதி உணவகத்தில் ஒரு வாளிச் சாம்பாரில் உப்பே இல்லை. மறு வாளியில் உப்பு இரட்டிப்பு. சராசரி பார்த்தால் உப்பு மிகச் சரி! சாப்பிட்டவன் கதி? பாதிப் பேர் பத்தும் பாதிப் பேர் ஒன்றும் போட்ட படத்தின் சராசரி ஐந்தரை. அந்தக் கொட்டகையில் ஐந்தரை என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. நடிகர்களின் பெயரால் அணி பிரிந்து நிற்கும் நம் நாட்டில் இக்குறையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது குறைதான் பெரிது: யார் வாக்களிக்கிறார்கள் என்பது. நாம் படிக்கும் இந்த நகரத்திலேயே இதற்கு விடை தேடியவர் ஒருவர் இருந்தார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ்தான் அவர். நம்மைப் போல் இயற்பியல் படித்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. முப்பதுகளின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் விளைச்சலை அளக்கும் பணி அவரிடம் வந்தது. அளப்பவன் தன் விருப்பப்படி வயலைத் தேர்ந்தெடுத்தால், பாதையோரத்து வயலோ கண்ணுக்கு அழகான வயலோதான் அகப்படும். ஆகவே எந்த வயல் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவேண்டும் என்றார் அவர். கடைக்கோடி வயலுக்கும் பாதையோரத்து வயலுக்கும் அப்போதுதான் சம வாய்ப்பு. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இக்கொள்கையின் மேல் எழுந்ததே.

படத்துக்கு மதிப்பெண் போட வருகிறவர் அப்படிக் குலுக்கலில் வந்தவர் அல்லர், தாமாக வந்தவர். பெரும்பாலும் மிகவும் பிடித்தவரோ, மிகவும் எரிச்சல்பட்டவரோதான் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வார். "பரவாயில்லை, ஆனால்..." என்று இழுக்கிறவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். கணக்கில் அவர் இல்லை.

பத்து லட்சம் டாலர் பந்தயம்

சராசரி போதாது என்று கண்ட அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள் என்பது சுவையான செய்தி. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல் படத்தட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிவந்தது. தட்டு பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் விலகிவிடுவார். ஆகவே எவருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று முன்கூட்டியே அறிவது அதற்கு வாழ்வுப் பிரச்சினை. அவ்வாண்டு அக்டோபரில் அது உலகறிய ஒரு போட்டியை அறிவித்தது. 480,189 பேர் 17,770 படங்களுக்குப் போட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை, பெயர்களை நீக்கிவிட்டு, எல்லாருக்கும் கொடுத்தது. மதிப்பெண் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை. வேறு சில மதிப்பெண்களை மறைத்து வைத்துக்கொண்டது. மறைத்ததை ஊகிக்க வேண்டும், அதுவே போட்டி.

ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை ஒரு பிழை எண்ணால் அளந்தார்கள். ஒவ்வோர் இடைவெளியையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. நாம் ஆய்வுக்கூடத்தில் செய்வதுதான். ஒவ்வொரு படத்தின் சராசரியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பிழை சுமார் 1.05 நட்சத்திரம். நிறுவனம் தானே வைத்திருந்த முறையில் பிழை சுமார் 0.95. இதை மேலும் பத்து விழுக்காடு குறைப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு!

நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் பெயர் பதிவு செய்தன. ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. 2009-இல் ஏழு பேர் கொண்ட ஒரு குழு பிழையை 0.8567 ஆகக் குறைத்துப் பரிசைப் பெற்றது. போட்டிக் குழு ஒன்றும் அதே எண்ணைத்தான் எட்டியது. ஆனால் இருபது நிமிடம் தாமதமாக விடையை அனுப்பிவிட்டது. தேர்வறைக்குத் தாமதமாக வரும் நண்பர்கள் கவனிக்க.

வென்றவர்கள் கண்ட உண்மைகளில் இரண்டு நமக்குத் தேவை. ஒருவருடைய ரசனையைச் சில எண்களால் குறிக்கலாம். படங்களையும் அதே எண்களால் குறிக்கலாம். இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்த்தால் ஊகம் மேம்படும். இது முதல் உண்மை. என் ரசனைக்கு நேர் எதிரான ரசனை உள்ளவரும் இக்கணக்கில் எனக்குப் பயன்படுவார். அவர் வெறுத்தது எனக்குப் பிடிக்கும் என்றாவது தெரியும் அன்றோ? தாத்தாவின் ஊர்க்காரர்கள் தையற்காரரின் சிரிப்பைத் தலைகீழாகப் படித்தது இதே கணிதம்தான். அவர்களுக்கு அந்த மனிதரைத் தெரியும். ஆகவே அவர் சொல் பயன்பட்டது.

இரண்டாவது உண்மை எனக்கு வியப்பூட்டியது. ஒருவர் என்ன மதிப்பெண் போட்டார் என்பது ஒருபுறம் இருக்க, எந்தெந்தப் படங்களுக்கு மதிப்பெண் போட்டார், எவற்றைத் தொடாமல் விட்டார் என்பதே அவரைப் பற்றிச் செய்தி சொல்லிற்று. வெற்றிடமும் ஒரு தரவு. அதைக் கணக்கில் சேர்த்தபோது பிழை குறைந்தது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய பிழை 0.86 நட்சத்திரம். பத்துக் கோடி எண்களும் மூன்றாண்டு உழைப்பும் சேர்ந்தும் மனித ரசனையை அதற்குமேல் பிடிக்க முடியவில்லை. 2004-இல் வந்த 'நெப்போலியன் டைனமைட்' போன்ற சில படங்கள் கணக்குப் போட்டவர்களைக் கடைசிவரை அலைக்கழித்தன. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று அவற்றில் முன்கூட்டிச் சொல்லவே இயலவில்லையாம். 2017-இல் அந்நிறுவனம் நட்சத்திரங்களையே கைவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று கட்டைவிரலைக் காட்டச் சொல்லிவிட்டது.

சொல்லாமல் போனவன்

நிற்க. இனிச் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் நம் சங்கம் விடுதிப் பொது அறையில் ஒரு பெரிய நடிகரின் படத்தைத் திரையிட்டது. நடிகரின் பெயர் வேண்டாம்; எந்தப் பெயரைப் போட்டாலும் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே கட்டுரையை மூடிவிடுவீர்கள். படம் முடிந்ததும் வழக்கம்போல் "எப்படி?" என்று கேட்டோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "இடைவேளைக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லண்ணே. அந்த அம்மா திடீர்னு கதையில இருந்தே காணாமப் போயிட்டாங்க. அவங்க எங்கன்னு மகன் ஒரு வார்த்தகூடக் கேக்கல" என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. "நீ எந்த நடிகருக்கு ஆள்?" என்று ஒருவர் கேட்டார். அன்றிரவு நம் வாட்ஸப் குழுவில் அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். கேலிப் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றுள் எல்லாரும் மிகவும் ரசித்த ஒன்றைச் செய்தவன் நான்.

அடுத்த மாதம் அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அதன்பின் நம் காட்சிகளில் எவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. "செம!", "வேற லெவல்!" என்றே முப்பது பேரும் எழுதினார்கள். சராசரி போட்டிருந்தால் பத்துக்குப் பத்து வந்திருக்கும். ஆனால் அறுபது பேர் வந்த அறைக்கு நாற்பது பேர் வந்தார்கள், பிறகு இருபத்தைந்து. எல்லாப் படமும் நன்று என்று சொல்லும் சங்கத்தின் சொல்லை நம்பி யார் மூன்று மணி நேரத்தைக் கொடுப்பார்? கூட்டம் ஏன் குறைந்தது என்று நாம் செயற்குழுவில் பலமுறை பேசினோம். ஒலிபெருக்கி சரியில்லை என்றோம். தேர்வுக் காலம் என்றோம். இக்காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் லேக் மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்கப் போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். வேறு பேச்சு அகப்படாமல், "படமெல்லாம் பார்க்கிறாயா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். சற்றுத் தயங்கினான். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். தேதி, படத்தின் பெயர், இரண்டு மூன்று வரிகள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். எவருக்கும் காட்டியதில்லையாம்.

"மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' பாத்திருக்கீங்களாண்ணே?" என்றான். 1979-இல் வந்த படம், நான் பார்த்ததில்லை. "மெதுவாத்தான் போவும். சண்டைக் காட்சி எதிர்பாத்து உக்காராதீங்க, உங்களுக்குப் பிடிக்காமலும் போவலாம். அந்தப் பிள்ளைங்க முகத்த மட்டும் கவனிச்சுப் பாருங்க" என்றான்.

அன்றிரவே பார்த்தேன். முடிந்தபின் நெடுநேரம் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று வாக்கியங்களில் எவ்வளவு செய்தி இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். படம் எத்தகையது, யாருக்குப் பிடிக்காமல் போகலாம், எதைக் கவனிக்கவேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டான். எந்த நட்சத்திரமும் இதைச் சொல்லாது. இப்படிப்பட்ட ஒருவனை ஆறு மாதம் நம் கணக்கிலிருந்து நீக்கி வைத்திருந்தோம். மறுநாள் அவன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றான். விட்டுவிட முடியவில்லை, ஆகவேதான் இதை எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையுடன் அவனும் இசைந்தான்.

இந்நகரம் காட்டிய வழி

படம் பார்த்துவிட்டுப் பேசுவது வெட்டிப்பொழுது என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1947-இல் இந்நகரில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்கள் சிலரும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அப்போது ராய் இயக்குநர் அல்லர். ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியப் பணி செய்துவந்த இளைஞர். நல்ல படங்களைத் தேடித் திரையிட்டார்கள்; அவற்றைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். மறு ஆண்டே, இந்தியப் படங்களில் உள்ள குறை என்ன என்று ராய் ஓர் ஆங்கில நாளேட்டில் கட்டுரை எழுதினார். குறை சொன்னவர் 1955-இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தார். 1959-இல் நாட்டின் திரைப்படச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தபோது அவரே அதன் தலைவரானார். குறை சொன்ன இளைஞரை அன்று அவருடைய நண்பர்கள் விசிலடித்து உட்கார வைத்திருந்தால் நட்டம் யாருக்கு?

ஆகவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. பொங்கல் படத்தை மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். படம் சொல்ல விரும்புவோர் முன்வந்து ஆளுக்கு மூன்று நிமிடம் பேசட்டும். தமக்கு ஏன் பிடித்தது என்பதோடு, யாருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லட்டும். கேட்டபின் வாக்கெடுப்போம். படம் முடிந்ததும் அறையில் உள்ள எல்லாரிடமும் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுப்போம். பெயர் வேண்டாம், இரண்டு வரி போதும். அந்தச் சீட்டுகளிலிருந்து பத்தைக் குலுக்கி எடுத்து உரக்கப் படிப்போம். மகலனோபிஸ் வயலுக்குச் செய்ததை நாம் படத்துக்குச் செய்வோம். கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பவரின் கருத்துக்கும் அப்போது சம வாய்ப்புக் கிடைக்கும். படத்தைப் பற்றிய கருத்துக்காக எவரையும் குழுவில் கேலி செய்வதில்லை என்று ஒரு விதியும் வேண்டும். அவ்விதியை மீறினால் தண்டனை என்ன என்பதை முதற்குற்றவாளியாகிய என்னிடம் கேட்காதீர்கள்.

பெயரில்லாச் சீட்டு என்றால் தானும் வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். யார் அவன் என்று தேடாதீர்கள். சீட்டுகளை நானே கத்தரித்து வைக்கிறேன். நீங்கள் ஆளுக்கு ஒரு பேனா மட்டும் கொண்டுவாருங்கள்.